கைப்பேசியைச் சின்னாள் நீத்தல்

உயிரானது ஒரு சார்பின்றித் தனித்து நில்லாது. சார்ந்ததன் வண்ணமாதலே அதன் இயல்பென்பது சித்தாந்த நூல்களில் நன்கு துணியப்பட்டது. இவ்வுண்மையை அளவைக்கோலாகக் கொண்டு, இக்காலத்து முதியரும் இளையரும் கையகலாது வைத்திருக்கும் திறன்பேசி யென்னுங் கருவியைச் சின்னாள் நீத்திருத்தல் உயிர்க்குறுதி பயப்பதோ, அன்றி வெறும் இடைவேளையோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இக்கருவி நம்மிடை வந்தது நெடுங்காலத்தின் முன்னன்று. ஆப்பிள் நிறுவனத்தார் ஐபோனை விற்கத் தொடங்கியது 2007-ஆம் ஆண்டு. ஆண்டிராய்டு முறையில் இயங்கும் முதற்பேசி விலைக்கு வந்தது 2008-ஆம் ஆண்டு. இச்சிறுகாலத்தில் இஃது உறங்குமிடம், உண்ணுமிடம், ஓதுமிடம் எங்கணும் புகுந்தவாறு என்னை? அதன் அமைப்பே ஒரு காரணமாம். ஓலைச்சுவடிக்கு இறுதியேடு உண்டு. அச்சுநூற்கு ‘முற்றிற்று’ என்னுஞ் சொல் உண்டு. கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள உருண்டு வரும் பக்கத்திற்கோ முடிவில்லை. 2006-ஆம் ஆண்டில் அம்முறையை வகுத்த ஆசா ராஸ்கின் என்பாரே பிற்காலத்து அதன் தீங்கினை எடுத்துரைத்து வருந்தினார். மேலும், பரிசில் இன்னபொழுது வருமென்று அறியப்படாதவழியே முயற்சி ஓயாது நிகழுமென்பதனைப் புறாக்களை வைத்து ஆராய்ந்து, பெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் இருவர் 1957-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டனர். எப்பொழுது எச்செய்தி வருமோவென்று பேசியை நொடிக்கொருமுறை நோக்கும் நம் நிலை அப்புறாக்களின் நிலைக்கு வெகுதொலைவன்று.

இனி, நீத்தல் இருவகைத்து: பிறர் விதிப்ப நீத்தலும், தானே நீத்தலும் என. முன்னதற்கு எடுத்துக்காட்டுத் திருக்கோயில்களிலேயே உண்டு. 2022-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுத் திருக்கோயில்களினுள் கைப்பேசி கொண்டுசேறலைத் தடுக்குமாறு அறநிலையத்துறைக்குப் பணித்தது. அதன்பின் யான் ஒரு தலத்திற்குச் சென்று, வாயிலிற் பேசியை ஒப்புவித்து, எண் பொறித்த சீட்டினைப் பெற்று உட்புகுந்தேன். சந்நிதியில் தீபாராதனை நிகழுங்கால், என் கை என்னை அறியாமலே மடியைத் தடவிற்று. பேசி ஆண்டில்லை; அதன்பாற் கொண்ட வாசனை மட்டும் சந்நிதிவரை உடன்வந்திருந்தது. நாற்பது யாண்டாக மாணாக்கர்க்கு மனவடக்கம் உரைத்துவந்த யான் பெரிதும் நாணினேன்.

பிறர் தடுப்ப நீத்தலால் யாது பயன், அகத்தே பற்றறாதன்றே எனின், அற்றன்று. பற்றுளதென்று அறிதற்கும் ஒரு நீக்கம் வேண்டும். கட்டிய கயிற்றின் நீளத்தைப் பசு அறிவது அப்பால் எட்டி நடக்குங்காலத்தன்றோ? ஆதலின், விதியால் நேர்ந்த நீக்கமும் பிணியை உணர்த்துதலின் பயனுடைத்தேயாம்.

இவ்வாறு பிணியுணர்ந்த யான், வீடு மீண்டபின் மூன்று நாள் பேசியை அணைத்துப் பெட்டகத்துள் வைத்தேன். முதனாள் மனம் அலைந்தது. இரண்டாம் நாள், ஈராண்டாகப் பலகாலும் எடுத்துப் பலகாலும் இடைவிட்ட மாபாடியப் பகுதியொன்றை ஒரே இருக்கையிற் படித்து முடித்தேன். துறவின் சுவையை அறிந்துவிட்டேம் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாட் காலை, நாற்பது கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரினின்று என் மாணாக்கர் ஒருவர் பேருந்தேறி வந்து வாயிலில் நின்றார். அவர் கூலித்தொழில் செய்பவர். இரவுதோறும் பேசிவழியே என்பாற் பாடங் கேட்பவர். “ஐயா, இரண்டிரவும் அழைத்தேன், விடையில்லை. தங்கட்குத் திருமேனி நலமில்லையோ என்று அஞ்சி ஓடிவந்தேன்” என்றார். அவர்க்கு அன்றைக் கூலி போயிற்று. யான் துய்த்த அமைதிக்கு விலைகொடுத்தவர் அவரென்று அப்பொழுதே உணர்ந்தேன். நம்மைச் சார்ந்தார்க்கு ஒருசொல் உரையாது ஒளிந்திருத்தல் விரதமாகாது. யான் துறவென்று எண்ணியது அத்துணையே தன்னலமாய் முடிந்தது.

அற்றேல், நீத்தல் வேண்டாவோ எனின், வேண்டும்; நீக்கற்பாலது இன்னதென்று பகுத்தறிந்து நீத்தல் வேண்டும். மாயையின் காரியங்கள் உயிரை மயக்குதலேயன்றி, இருட்காலத்துக் கைவிளக்கென உதவுதலும் உடையன. அக்கருவியே அவ்வேழை மாணாக்கர்க்குப் பாடசாலையாயிற்று. அக்கருவியே எனக்குக் கவனச் சிதைவாயிற்று. ஆகவே அழைப்பும் பாடமும் நிற்க, முடிவிலாப் பக்கங்களை ஒழித்தல் தக்கது. முற்றும் நீக்குவதாயின், நம்மை நம்பியிருப்பார்க்கு முன்னரே அறிவித்து, இடர்க்காலத்து நம்மை அடையும் பிறிதொரு வழியும் காட்டுதல் கடனாம்.

மூன்று நாள் கழிந்தபின் பழைய வழக்கமே மீளுமாதலின் இம்முயற்சி வீணென்பாரும் உளர். வெறுமையாக விடின் மீளுமென்பது மெய்யே. உயிர் சார்பின்றி நில்லாமையின், ஒன்றை விட்டார் பிறிதொன்றைப் பற்றாதொழியார். விட்ட நாழிகையில் நல்லதொரு நூலோ, வழிபாடோ, முதியோர்க்குத் தொண்டோ அமையுமாயின், பழக்கம் மீளினும் அதன் வலி குறைந்தே மீளும். அன்றியும், கருவி சேய்மையில் இருத்தலும் உதவுமென்ப. பேசியை மேசைமேல் வைத்திருந்தாரினும் வேற்றறையில் வைத்திருந்தார் கருத்தூன்றும் பணியில் மேம்பட்டனரென டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் உள்ளிட்டோர் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் ஆய்ந்தாருட் சிலர் அவ்விளைவைக் கண்டிலராகலின், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளற்க. தத்தம் அநுபவத்தில் வைத்து ஓர்க.

நான்காம் நாள் பேசியைத் திறந்தவுடன் அம்மாணாக்கரையே முதற்கண் அழைத்து, விடுபட்ட பாடத்தை நடத்தினேன். அதன்பின், மாலை 6 மணிக்குமேல் அப்பாடம் ஒன்றற்கன்றிப் பேசியை எடாமை என்று ஒரு வரையறை செய்துகொண்டேன், அவர்க்கும் அறிவித்தேன். சிலநாள் தவறுதலும் உண்டு. தவறியவழி மடியைத் தடவும் கையை யான் இப்பொழுது காண்கின்றேன், முன்னர்க் கண்டிலேன். சின்னாள் நீத்தலாற் பெற்ற பயன் இவ்வளவே. இதுவும் சிறிதன்று என்பது என் துணிபு.