துவிச்சக்கரவண்டி என்பது யாது?

ஒரு பொருளை அப்பொருளாக்குவது அதன் வடிவமா, அது ஆற்றும் தொழிலா? மெய்யியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவுக்குத் திருகோணமலைக் கடற்கரை ஆரவாரமின்றி ஒரு விடை அளித்திருக்கிறது. மரப் பலகைகளை இணைத்துக் கட்டிய கலங்களே அங்கு ஒருகாலத்தில் படகென்றும் வள்ளமென்றும் வழங்கின. பின்னர் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு வார்க்கப்பட்ட கலங்கள் வந்தன. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் அவை பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. மூலப்பொருள் மாறிற்று; உருவமும் ஓரளவு மாறிற்று. எனினும் கடலுக்குச் சென்று மீனுடன் மீளும் கலம் படகே என்பதில் மீனவர் எவர்க்கும் ஐயம் எழவில்லை.

இதற்கு நேர்மாறான விடையொன்று ஐரோப்பாவில் 1934 இல் வழங்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டவரான சார்ல் மொஷே தம் மகனுக்காக மிதித்து ஓட்டும் நாற்சக்கர வண்டியொன்றைச் செய்தவர். அம்முயற்சியிலிருந்து படிப்படியாக, சாய்மனைக் கதிரையில் இருப்பவர்போலச் சாய்ந்து கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் இருசக்கர வண்டிக்கு அவர் வந்தடைந்தார். 1933 யூலை 7 ஆம் நாள் பாரிஸ் நகரில் பிரான்சிஸ் ஃபோர் என்னும் வீரர் அவ்வண்டியில் ஒருமணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். ஒஸ்கார் எக் 1914 இல் நிலைநாட்டிய 44.247 கிலோமீற்றர் என்னும் சாதனை அன்று முறியடிக்கப்பட்டது. ஃபோர் முதல்தர வீரராக எண்ணப்பட்டவர் அல்லர் என்பதே பலரை உறுத்தியது. துவிச்சக்கரவண்டிப் பந்தயங்களை ஆளும் சர்வதேச ஒன்றியம் மறு ஆண்டில் பந்தய வண்டிக்குப் புதிய வரைவிலக்கணம் வகுத்தது. மிதிகட்டையின் அச்சு எங்கிருக்க வேண்டும், ஆசனம் அதற்கு எவ்வளவு பின்னே அமையலாம் என்றெல்லாம் அளவுகள் விதிக்கப்பட்டன. மொஷேயின் வண்டி வரைவிலக்கணத்துக்கு வெளியே நின்றது. அவரும் அவ்வாண்டிலேயே காலமானார்.

ஒன்றியத்தாரின் வாதத்தை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. பந்தயம் மனிதர்க்கிடையே நிகழ்வது. ஒருவன் தன் கருவியாலேயே வெல்வானாயின் வென்றவன் யார் என்பது ஐயமாகும். ஆயின் காற்றடைத்த வட்டகை வந்தபோது இவ்வாதம் வென்றதில்லை. மேலும், பந்தயக் களத்துக்கென வகுத்த விதி களத்தோடு நின்றதுமில்லை. பந்தயத்தில் ஓடாத வண்டியை உற்பத்தியாளர் பெரிதும் நாடவில்லை. ஆதலாற் சந்தைக்குச் செல்லும் சாதாரண மனிதனும் அவ்வண்டியைக் காணாதவனானான். ஈண்டு நிகழ்ந்த அநீதி ஃபோருக்கு இழைக்கப்பட்டதைவிட இவனுக்கு இழைக்கப்பட்டதே பெரிது. இலங்கையில் வழங்கும் துவிச்சக்கரவண்டி என்னும் பெயர் இரண்டு சக்கரங்களை மட்டுமே கேட்கிறது. தமிழகத்தின் மிதிவண்டி மிதித்தலை மட்டுமே கேட்கிறது. ஓட்டுபவர் நிமிர்ந்திருக்க வேண்டுமென இரண்டும் கூறவில்லை.

களத்தினின்று விலக்கப்பட்ட வண்டி வீட்டு முற்றங்களில் வாழ்ந்தது. விரும்பியோர் தாமே செய்துகொண்டனர். முதலில் உருக்குக் குழாய்களாலும், அண்மைக் காலங்களிற் காபன் இழையாலும். மென்னுரைக் கட்டியை வேண்டிய வடிவில் அறுத்து, அதன்மேல் எப்பொக்சிப் பிசினில் தோய்த்த காபன் துணியை அடுக்கடுக்காகப் போர்த்தி, பிளாத்திக்குப் பையினுள் இட்டுக் காற்றை உறிஞ்சி இறுகவிடுவது ஒரு முறை. கண்ணாடியிழைப் படகைப் பழுதுபார்க்கும் கைகளுக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. வன்மையூக்கியை எவ்வளவு சேர்ப்பது, வெயில் ஏறும் வேளையிற் கலவை எத்துணை விரைவில் இறுகும் என்பன கரையோரத் தொழிலாளி அறிந்தவையே. புதிதாகக் கற்கவேண்டியது இழையின் திசை. காபன் இழை ஓடும் திசையிலேயே அதன் வலிமை உள்ளது. குறுக்கே அது மெலிது. மிதிக்குந்தோறும் முறுகும் சட்டத்துக்கு இழைகளைச் சாய்வாகவும் இடவேண்டும்.

அறவினா எழுவதும் இவ்விடத்திலேதான். உருக்கு முறியுமுன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். காபன் அவ்வளவு இரக்கமுடையதன்று. அடுக்குகளுக்கிடையே அகப்பட்ட காற்றுக்குமிழியைப் பூச்சு மறைத்துவிடும். அதனை அறிந்தவன் செய்தவன் ஒருவனே. அவன் தானே ஏறி ஓட்டும்வரை ஆபத்து அவனுடையது. தம்பிக்கோ அயலவருக்கோ ஒருநாள் இரவல் கொடுப்பானாயின் அக்குமிழி அவர்களுடையதுமாகிறது. தன் கையாற் செய்ததென்னும் பெருமிதம் சோதித்துப் பார்க்கும் கடமையினின்று எவரையும் விடுவிப்பதில்லை. சட்டத்தின்மேற் பாரமேற்றிப் பார்க்காது கொடுப்பவன் பொய்யுரைத்தவனுக்கு ஒப்பாவான்.

இத்தகைய வண்டி திருகோணமலைக்கு எதற்கு என வினவுவோர் 2022 ஆம் ஆண்டை நினைத்தல் தகும். பிரித்தானியர் சீனக்குடாவில் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 எஞ்சி நிற்க, அவற்றுட் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்க, நாடெங்கும் மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்றனர். பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. துவிச்சக்கரவண்டிகளின் விலையும் பெரிதும் ஏறிற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நகரிலிருந்து மேற்கே கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நோக்கி மிதிப்பவர் காற்றின் வலிமையை அறிவர். காற்றினூடான வேகம் இருமடங்காயின் அதன் எதிர்ப்பு நான்மடங்காகும். வண்டியின் வேகமும் இருமடங்காயின் அதனை வெல்ல எண்மடங்கு வலு வேண்டும். சாய்ந்திருப்பவர் காற்றுக்குக் காட்டும் பரப்புக் குறைவு. அதே வண்டி பிரெட்றிக் கோட்டையூடாகச் சுவாமிமலைக்கு ஏறுகையில் திணறும் என்பதும் உண்மை. எழுந்துநின்று உடற்பாரத்தால் மிதிக்க அதில் வழியில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அதில் அமர்ந்தவரின் தலை தாழ்ந்திருக்கும். பின்னே வரும் பேருந்தின் சாரதிக்கு அவர் தென்படாது போகலாம். உயர்ந்த கொடிக்கம்பும் விளக்கும் கட்டாயம் என்றொரு விதி வருமாயின் அதனை 1934 இன் விதியோடு ஒப்பிட்டு எதிர்த்தல் பொருந்தாது. பின்னது வண்டி எவ்வாறு தோற்றமளிக்க வேண்டும் என்று கவலைப்பட்டது. முன்னது கவலைப்படுவது அந்திவேளையிற் கண்டி வீதியில் வண்டியோட்டும் ஒருவரின் உயிரைப் பற்றி.