கரணங்களின் பசி

பசித்த உயிருக்கு உணவளிப்பதே தர்மங்களில் தலையாயது என்று நம் நாட்டுச் சமயங்கள் பலவும் சொல்லியிருக்கின்றன. ஆயினும், வேளை தவறாத உணவும், நோய்க்கு மருந்தும், வெயிலுக்கு நிழலும் பெற்று, பகைக்கு அஞ்சவேண்டாத பத்திரமான இடத்தில் வாழும் ஒரு பிராணி, அத்தனையும் பெற்ற பின்னரும் துன்பப்படுமாயின், அத்துன்பத்துக்குக் காரணம் எது, அதைத் தீர்க்கும் கடமை எவரைச் சார்ந்தது என்பது நிதானமாக ஆராயவேண்டிய கேள்வி.

நியூயார்க் நகரின் நடுவேயுள்ள சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையில் கஸ் என்று பெயரிடப்பட்ட துருவக்கரடி ஒன்று இருந்தது. அதற்கு உணவுக்குக் குறைவில்லை; நீந்தத் தடாகம் இருந்தது; துணையும் இருந்தது. அப்படியிருந்தும் 1994-ஆம் ஆண்டளவில் அது 8 என்ற இலக்கத்தின் வடிவிலே, போன தடத்திலேயே திரும்பி, திரும்பிய தடத்திலேயே போய், நாளின் பெரும்பொழுதை நீந்தியே கழிக்கலாயிற்று. கண்ட நகரவாசிகள் கரடிக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று பேசினர். பத்திரிகைகளும் அதையே எழுதின. நிர்வாகத்தார் விலங்குகளின் நடத்தையை நன்கறிந்த நிபுணர் ஒருவரை வரவழைத்தனர். அதன்பின் கரடியின் உணவு அதற்கு எளிதில் அகப்படாதபடி செய்யப்பட்டது. மீன்கள் பனிக்கட்டிக்குள் உறையவைத்துக் கொடுக்கப்பட்டன. இறைச்சி தோலில் சுற்றப்பட்டது. உருட்டவும் கடிக்கவும் பொருள்கள் தடாகத்தில் இடப்பட்டன. அந்த ஓயாத நீச்சல் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. 2013-ஆம் ஆண்டு, தன் 27-ஆம் வயதில், கஸ் இறந்தது.

உணவை எளிதாக்கியதனால் அன்று, அரிதாக்கியதனாலேயே ஒரு ஜீவனின் துன்பம் தணிந்தது என்பதுதான் இச்சரித்திரத்தில் என் மனத்தைப் பற்றி நிற்பது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சைவ சித்தாந்தம் வகுத்த ஓர் அமைப்பு எனக்குப் பெரிதும் துணைசெய்கிறது. ஆணவ இருளில் கிடக்கும் ஆன்மாவுக்கு இறைவன் தன் கருணையினால் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் கூட்டிக் கொடுக்கிறான் என்றும், உடலும், அதனுள்ளே தொழிற்படும் கருவிகளும், அவை தொழிற்படுவதற்கு உரிய உலகமும், அத்தொழிற்பாட்டினால் நுகரப்படும் அனுபவமும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதனாலேயே ஆன்மாவின் இச்சையும் ஞானமும் கிரியையும் விளக்கம் பெறுகின்றன என்றும் அச்சாஸ்திரம் கூறும். மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் எண்ணிச் செல்லும் பிறவிகளில் மிருகமும் பறவையும் பாம்பும் அடங்கியிருப்பதால், இந்த நான்கும் மனிதனுக்கே உரியவை என்று கொள்ள இடமில்லை. மிருகக்காட்சிசாலையோ தனுவைக் காப்பாற்றுகிறது. போகத்தில் உணவு என்னும் ஒரு பகுதியைத் தாராளமாக வழங்குகிறது. புவனத்தை மட்டும் பறித்துக்கொள்கிறது. புவனம் போனபின் கரணங்களுக்கு என்ன வேலை? பனிக்கு அடியில் மறைந்து கிடக்கும் கடல்நாயை மோப்பத்தினாலேயே அறியும் நாசியும், அது மூச்சுவிட மேலே வரும் துவாரத்தின் அருகே நெடும்பொழுது அசையாமல் காத்திருக்கும் பொறுமையும், பலமுறை தோற்றும் மறுபடி முயலும் ஊக்கமும் அந்தக் கரடியினிடம் அழிந்துபோகவில்லை. செலவிட இடமின்றித் தேங்கி, ஒரே தடத்தில் சுழன்றன. ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு விஞ்ஞானிகள் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இயற்கையில் பரந்து திரியும் மாமிசபட்சணிகளே அடைப்பில் மிகுதியாக இவ்வாறு அலைகின்றன என்று காட்டியதோடு, துருவக்கரடிக்கு வழக்கமாக அளிக்கப்படும் இடம் அது இயற்கையில் திரியும் மிகக் குறைந்த பரப்பிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே என்றும் கணக்கிட்டது.

இராமலிங்க சுவாமிகள் பசியை நீக்குவதையே ஜீவகாருண்யத்தின் பிரதான அங்கமாக வைத்தார் என்பதை எல்லோரும் அறிவர்; ஜீவர்கள் படும் துன்பங்களை எண்ணும் இடத்தில் பிணி, பயம் முதலியவற்றோடு இச்சை என்பதையும் அவர் சேர்த்திருக்கிறார் என்பதை அவ்வளவாகக் கவனிப்பாரில்லை. அடைபட்ட விலங்கின் இச்சை உணவை மட்டும் குறித்ததன்று. அந்த உணவைத் தேடி அடைவதையும் குறித்தது. 1963-இல் கிளென் ஜென்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், கிண்ணம் நிறைய உணவை வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு நெம்புகோலை அழுத்தி அழுத்திச் சிறிது சிறிதாக உணவு பெறும் வழியையும் எலிகளுக்குத் திறந்து வைத்தபோது, அவற்றில் மிகப் பல உழைத்துப் பெறும் உணவையும் நாடிச் சென்றன. பிற்காலத்தில் வேறு பல பிராணிகளிடமும் இச்சுபாவம் காணப்பட்டது; வீட்டுப் பூனையோ பெரும்பாலும் கிண்ணத்து உணவையே விரும்பிற்று. ஆகவே ஒவ்வோர் இனத்தின் சுபாவத்தையும் தனித்தனியே அறிந்துதான் அதற்குரிய தொழிலை அமைக்கவேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பனிக்கட்டிக்குள் மீனை ஒளித்து வைத்தவன் காப்பாளன். தேடிக் கண்டதாகக் கரடி கொள்ளும் திருப்தி வெறும் பிரமை அல்லவா, அடைத்ததும் போதாதென்று ஏமாற்றவும் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். இது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. ஆயினும், சந்தர்ப்பம் செயற்கையாக இருக்கலாமேயன்றி, அதில் விளையும் பிரயத்தனம் செயற்கையன்று. பனிக்கட்டியை உடைக்கும் நகமும், உள்ளிருப்பதை அறிந்த நாசியும், எப்படி எடுப்பது என்று நாடும் அறிவும் மெய்யாகவே தொழிற்படுகின்றன. உலகம் பொய்த்தோற்றம் என்று தள்ளாமல், மாயையின் காரியமாயினும் மெய்ப்பொருளே என்று கொண்ட சித்தாந்திகளுக்கு, அமைத்துக் கொடுக்கப்பட்ட இடத்திலே நிகழும் அனுபவமும் அனுபவமே என்று ஒப்புவது கடினமன்று. வேடிக்கை பார்க்க வந்தவர் கைதட்டுவதற்காக, அந்த விலங்கின் சுபாவத்துக்கு ஒவ்வாத வித்தையை அதன்மேல் சுமத்தும்போதுதான் வஞ்சனை புகுகிறது.

கூண்டில் கிடப்பது அந்த ஜீவனின் வினைப்பயன், அதில் நாம் குறுக்கிடுவானேன் என்பாரும் உண்டு. வினையை ஊட்டுவிக்கும் அதிகாரம் இறைவனுடையது என்றே நூல்கள் சொல்கின்றன. கூண்டின் சாவியைத் தன் கையில் வைத்திருப்பவன் அந்த அதிகாரத்தைத் தனக்குச் சாக்காகக் கொள்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. புவனத்தைப் பறித்தவன் அதில் ஒரு சிறு பகுதியையேனும் திருப்பிக் கொடுப்பது தானமாகாது. கடன் தீர்ப்பதாகவே ஆகும். அதுவும் முழுவதும் தீராத கடன் என்பதற்குக் கஸ்ஸின் நீச்சல் அடியோடு நிற்காததே சான்று.

ஆதலால், எந்தத் தொழில் கொடுத்தும் ஈடுசெய்ய இயலாத விலங்குகளை அடைத்து வைக்காமலிருப்பதே நேர்மை. 2009-இல் நம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், யானைகளைப் பூங்காக்களிலிருந்து அகற்றி முகாம்களுக்கு அனுப்பவேண்டும் என்று பணித்தது இந்த நேர்மையின்பாற்பட்டது; அது முற்றும் நிறைவேறாமை வருத்தத்துக்குரியது. கூண்டிலேயே பிறந்து, காட்டுக்குத் திரும்ப வழியறியாத மற்ற உயிர்களுக்கோ, அவை உள்ளவரையில், தேடவும் தோண்டவும் ஏறவும் மோப்பம் பிடிக்கவும் நாள்தோறும் ஏதேனும் அளித்தாகவேண்டும். அதற்கான செலவு, பணம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்படாமல், தீனிக்கும் மருந்துக்கும் எழுதும் கணக்கிலேயே அவற்றோடு சமமாக எழுதப்படவேண்டும்.