இரண்டு வெள்ளிக்காசு



கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனின் உவமையைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள் (அர்ச். லூக்காஸ், 10-ம் அதிகாரம்). சமாரியன் அவன் காயங்களில் எண்ணெய் வார்த்துக் கட்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மறுநாள் அவன் செய்ததென்ன? சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டான். காயம் கட்டியது பாதித் தருமம். சத்திரக்கூலி கொடுத்தது மறுபாதி.

நம் அரியமங்கலத்திலும் குடியென்னும் கள்ளன் அடித்துப்போட்ட குடும்பங்கள் உண்டு. நகையை அடகு வைத்துக் கணவனைச் சிகிச்சைக்குச் சேர்க்கிறாள் மனைவி. உடம்பிலிருந்து விஷம் இறங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆசை இறங்கவோ மாதக்கணக்காகும். வீடு திரும்பினால் அதே டாஸ்மாக் கடை, அதே கூட்டாளிகள். முதல் சில மாதங்களில்தான் அநேகர் மறுபடி விழுகிறார்கள். ஆகவேதான் சிகிச்சைக்குப்பின் சில மாதம் தங்கி, குடியாமல் வாழப் பழகும் விடுதிகள் வேண்டியிருக்கின்றன. அவையே இக்காலத்துச் சத்திரங்கள்.

கூலி கொடுப்பது யார்? 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் தன்னில் சேர்த்து, இப்படிப்பட்ட இடைக்கால இல்லங்களுக்கு அரசு வழிசெய்ய வேண்டுமென்கிறது. ஆயினும் எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை. இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் பலவற்றில் குடிநோய்ச் சிகிச்சை விலக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பாரம் முழுவதும் ஏற்கெனவே அடகுக்கடை ஏறி இறங்கிய அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது.

குடும்பத்தாரே, கையிலுள்ள பணம் முழுவதையும் சிகிச்சைக்கே செலவிட்டுவிடாதீர்கள். பின்பு தங்குவதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். விடுதி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். மாதாமாதம் கட்டி ரசீது வாங்குங்கள். சமாரியன் காசைக் காயப்பட்டவன் கையில் கொடுக்கவில்லை, சத்திரக்காரனிடம் கொடுத்தான் என்பதையும் கவனியுங்கள். வழி தெரியாதவர்கள் 14446 என்ற அரசாங்க எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். 1957 முதல் இந்தியாவில் நடந்துவரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் கட்டணம் கிடையாது.

"குடித்துக் கெட்டவனுக்கா நம் காசு?" என்று சிலர் கேட்கலாம். சமாரியன் யார் குற்றமென்று விசாரிக்கவில்லை. டப்ளின் நகரத்துக் கூலியாள் மாட் டால்பட் 28 வயதுவரை பெருங்குடிகாரன். 1884-ல் முதலில் மூன்றே மாதத்துக்குத்தான் குடிப்பதில்லையென்று வாக்குக் கொடுத்தான். மாலைவேளைகளில் கூட்டாளிகளுக்குத் தப்பிக் கோவிலில் தங்கினான். பிறகு 1925-ல் சாகும்வரை குடியைத் தொடவில்லை. 1975-ல் திருச்சபை அவனை வணக்கத்துக்குரியவன் என்று அறிவித்தது. அந்த முதல் மூன்று மாதமே கடினமானது. அதைக் கடக்க ஓர் இடம் வேண்டும்.

வெள்ளிக்காசு ஒன்று அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஆகவே சமாரியன் கொடுத்தது இரண்டு நாள் கூலி. வருஷத்தில் இரண்டு நாள் கூலியை ஒவ்வொரு வீடும் இதற்கென ஒதுக்கினால், பத்து வீடு சேர்ந்து ஒருவனுக்குச் சில வாரமாவது தங்க இடம் கொடுக்கலாம். கொடுப்பது ஊரறிய வேண்டாம். அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடக்கட்டும்.

செலவானதைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்ன சமாரியன் நம் ஆண்டவர்தான் என்று வேதபாரகர் விளக்குகிறார்கள். அவர் திரும்பி வருவார், கணக்கும் தீர்ப்பார். அதுவரை சத்திரத்தின் கதவு அடைபடாதபடி பார்த்துக்கொள்வோமாக. ஆமென்.