பாகம் மாறினாலும் அதே காரா?

1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது ஒரே பென்ட்லி கார்: 'ஓல்டு நம்பர் ஒன்'. 1932இல் அதில் 8 லிட்டர் என்ஜின் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு புரூக்லண்ட்ஸ் பந்தய விபத்தில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபி இறந்தார். பின்னர் கார் மீண்டும் கட்டப்பட்டது.

ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: சக்கரம் தேரல்ல, அச்சும் தேரல்ல, அவை சேர்ந்த நிலைக்கு வழங்கும் பெயரே தேர் என்று மன்னர் மிலிந்தருக்கு விளக்கினார் பௌத்தத் துறவி நாகசேனர். நல்ல விடைதான், ஆனால் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும் பழைய பெயர் எதைப் பற்றி நிற்கிறது? ஓல்டு நம்பர் ஒன் காரை விற்ற சுமார் ஒரு கோடி பவுண்டு பேரம் தகராறானபோது, 1990இல் லண்டன் நீதிமன்றத்தில் இதே கேள்வி எழுந்தது. நீதிபதி ஆட்டன் அறுபடாத வரலாற்றைப் பிடித்துக்கொண்டார்: பாகங்கள் அசலல்ல, கார் உண்மையானதே. விற்பனை செல்லும் என்று தீர்ப்பானது.