மேசையின் உயரம்

நோயிலிருந்து எழுந்த ஒருவர் தம் பழைய வேலைக்குத் திரும்ப முடியாமற் போகும்போது, அவருடைய உடம்பு இனி அதற்கு உதவாது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். உடம்பு மாறியிருக்கிறது, மேசை மாறவில்லை. இவ்விரண்டில் எது மற்றதற்கு இணங்க வேண்டும்? மருத்துவக் கேள்விபோல் தோன்றும் இது, அடிப்படையில் அறத்தைப் பற்றிய கேள்வியே.

ஆக்குபேஷனல் தெரபி என்னும் தொழில்வழிச் சிகிச்சை இந்தக் கேள்வியை நாள்தோறும் சந்திக்கிறது. இங்கே தொழில் என்பது ஊதியம் தரும் வேலை மட்டுமன்று. குளிப்பதும் உடுத்துவதும் உலை வைப்பதும் தொழிலே. சிகிச்சையாளர் நோயாளியின் கைவலிமையை அளப்பதோடு நிற்பதில்லை. நாற்காலியில் அமர்ந்தால் பாதம் தரையில் ஊன்றுகிறதா, வேண்டிய பொருள் கைக்கு எட்டுகிறதா, சக்கர நாற்காலி வாசலில் நுழையுமா என்றெல்லாம் பார்க்கிறார். இந்த ஆய்வுக்கு அடிப்படையான பணிச்சூழலியலுக்கு 1857இல் போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்செம்போவ்ஸ்கி கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் பெயரிட்டார். வேலையின் நெறி என்பது அப்பெயரின் பொருள். நெறி என்றபின் அளவு மட்டும் போதாதன்றோ!

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்கள் செயலிழந்தார். நின்றுகொண்டு செய்ய வேண்டிய அறுவைச் சிகிச்சைகள் இனி அவருக்கு இயலா. ஆனால், கையில் செய்யும் அறுவையை மருத்துவர் அமர்ந்தபடியே செய்யலாம். உடன் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் காட்டிய வழி இது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீராக்கினார்; 1966இல் அங்கே மறுவாழ்வு மருத்துவத்துக்கென ஒரு நிலையம் உருவாகவும் முன்னின்றார். அவருடைய முதுகெலும்பு குணமாகவில்லை. வேலைதான் அவர் அமர்ந்த உயரத்துக்கு இறங்கி வந்தது.

சீராக்கப்பட்ட அந்த விரல்களுக்கும் ஆபத்து நீங்கிவிடவில்லை. உணர்வு இழந்த கை, சுத்தியலை எவ்வளவு இறுகப் பற்றுகிறோம் என்பதை அறியாது. டம்ளரின் சூட்டையும் அறியாது. இப்படி வரும் புண்களுக்கு நோயாளியின் கவனக்குறைவைப் பழிப்பது எளிது. கருவியின் பிடியைப் பருமனாக்கி, கூரிய விளிம்பை மழுங்கச் செய்து, டம்ளருக்கு மரப்பிடி வைத்துக் கொடுத்தால், வலி செய்ய வேண்டிய காவலைக் கருவியே ஓரளவு ஏற்றுக்கொள்கிறது.

ஆயினும் அளவுகோலுக்கும் ஓர் ஆணவம் உண்டு. பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். 'தரையில் அமராதீர்கள், அரிவாள்மணை வேண்டாம், மேடையருகே நாற்காலியில் அமர்ந்து கத்தியால் நறுக்குங்கள்' என்கிறார் சிகிச்சையாளர். தரையிலிருந்து எழும்போது விழ நேரலாம் என்னும் அவர் அச்சம் நியாயமானது. ஆனால், கத்தியால் நறுக்க ஒரு கை காயைப் பிடிக்க வேண்டும், மறுகை கத்தியைப் பிடிக்க வேண்டும். அரிவாள்மணையிலோ அலகு அசையாமல் நிற்கும். ஒற்றைக் கையே காயை நகர்த்திவிடும். மூதாட்டி பிடிவாதக்காரி அல்லர். தம் கையை அறிந்தவர். அவர் சொல்லைக் கேட்டிருந்தால், அசையாத அலகு ஒன்றை மேசை உயரத்தில் உறுதியாகப் பொருத்தும் வழி தோன்றியிருக்கும். அதன் பிறகும், 'தரையில் அமர்ந்தால்தான் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்' என்று அவர் சொன்னால் என்ன செய்வது? ஆபத்தை மறைக்காமல் எடுத்துச் சொல்லலாம். எழுந்திருக்கப் பற்றுக்கோலொன்று அமைக்கலாம். முடிவை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. பாதுகாப்பு பெரிய நன்மைதான். வாழ்க்கையின் முழு நன்மையும் அதுவே அன்று.

மற்றொரு கேடு பணியிடத்தில் உண்டு. நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு, வேலை நேரத்தை அப்படியே விட்டுவிடுவது. முதுகு வலிக்காமல் ஒருவரை மேலும் கூடுதலாக உழைக்க வைப்பதற்கென்றே அளப்போமானால், மனிதனை மீண்டும் கருவிக்கே இணங்க வைத்தவர்களாவோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தரக் கூறுகிறது. ஆனால், அவை அளவுக்கு மீறிய சுமையாகக் கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. வரம்பு வேண்டியதே. எனினும், சுமையை எடைபோடும்போது ஒன்றை மறக்கலாகாது. மேசையை மாற்றாத காலத்தில் சுமை இல்லாமல் இருக்கவில்லை. அதை நோயாளி ஒருவரே தம் முதுகில் தாங்கி வந்தார். கணக்கில் எழுதப்படாததால் அது நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.