அமைதி யாருடைய சாதனை?

ஞாயிறு திருப்பலியின் நடுவே இளைஞர் ஒருவர் வலிப்பு வந்து தரையில் விழுந்தார். சிலர் விலகி நின்றனர். ஒருவர் அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். பின்னர் அவருடைய தாய் நம்மிடம் கேட்டார்: "சாமி, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

மூளையின் நரம்பணுக்கள் ஓயாது ஒன்றையொன்று தூண்டிக்கொண்டிருக்கின்றன. அத்தூண்டுதலுக்குரிய முதன்மையான வேதிப்பொருள் குளூட்டமேட். தூண்டுதல் கட்டுக்கடங்காமல் பரவும்போது வலிப்பு உண்டாகிறது. இதைத் தடுக்கும் காவலும் மூளைக்குள்ளேயே உண்டு. 1950-இல் மூளையில் கண்டறியப்பட்ட 'காபா' என்னும் பொருள், நரம்பணுவுக்குள் குளோரைடு அயனிகள் நுழைய வழிதிறந்து அதன் கிளர்ச்சியைத் தணிக்கிறது. வியப்பு என்னவெனில், தணிக்கும் காபா, தூண்டும் குளூட்டமேட்டிலிருந்தே உருவாகிறது.

1992-இல் எருசலேமில் கண்டறியப்பட்ட வேறொரு பொருளுக்கு, 'ஆனந்தம்' என்னும் வடசொல்லைக் கொண்டு 'ஆனந்தமைடு' எனப் பெயரிட்டனர். இவ்வினப் பொருள்களை, மிகையாகத் தூண்டப்படும் அணுவே உடனுக்குடன் உருவாக்கித் தூண்டும் அணுவுக்குத் திருப்பி அனுப்புகிறது. 'போதும்' என்பதே அதன் செய்தி. அச்செய்தியை ஏற்கும் வாயில் முன்மூளை அணுக்களில் இல்லாத சுண்டெலிகள், வலிப்பூட்டும் மருந்து பெற்றபோது மற்றவற்றைவிடக் கடுமையாகத் துன்புற்றதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. இந்நொடியில் நாம் விழாமல் நிற்பது நமது புண்ணியத்தால் அன்று. நாம் கேளாமலே நமக்குள் நடைபெறும் காவலால். நிற்பது புண்ணியம் இல்லையெனில், விழுவது மட்டும் பாவமாவது எங்ஙனம்? பிறவிப் பார்வையற்றவரைக் குறித்துச் சீடர்கள் இதே கேள்வியை எழுப்பியபோது, ஆண்டவர் அவர்மீதோ பெற்றோர்மீதோ பழி சுமத்தவில்லை.

அவ்வாறாயின் தன்னடக்கமும் பொறுமையும் வெறும் வேதியியலா? அன்று. வலிப்பு நமது விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. ஆனால் விழுந்தவரை அணுகுவதா, விலகுவதா என்பது நமது விருப்பம். நம் பொறுப்பு அங்கே தொடங்குகிறது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாக வைத்திருந்த விதி 1999-இல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்தியது, வரன் பார்க்கும் வீடுகளில் நாவுகள் திருந்தினவா?

அந்தத் தாயிடம் நாம் கூறினோம்: "பாவம் ஒன்றுமில்லை, அம்மா. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்." நமக்கும் ஒரு சொல்: இனி சாவியைத் தேட வேண்டாம். விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நினைவு திரும்பும்வரை அருகில் அமர்ந்திருப்போம்.