காற்றுக்கு எண் சொன்னால் போதுமா?

ஆபத்து இருக்கிறது என்று அறிவித்துவிட்டால் அறிவித்தவரின் கடமை தீர்ந்துவிடுமா? ஜவ்வாது மலையில் இருந்துகொண்டு கேட்கிறேன்.

2015 ஏப்ரலில் தேசியக் காற்றுத் தரக் குறியீடு வந்தது. எட்டு மாசுகளைக் கணக்கில் எடுத்து, 0 முதல் 500 வரை ஒரு எண்ணாக, ஆறு நிறங்களில் அன்றாடம் சொல்கிறார்கள். தேவையான காரியம்தான். மணலிக்காரர் ‘மூச்சு முட்டுது’ என்றால் நம்பாத அதிகாரியிடம் எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

ஆனால் அந்த எண் யாரைப் பார்த்துப் பேசுகிறது? எண் ஏறினால் வெளியே போகாதே, வீட்டுக்குள் இரு என்கிறார்கள். தெருக் கூட்டுகிற எங்க சனம் வீட்டுக்குள் இருந்தால் அன்றைய கூலியை எவன் கொடுப்பான்?

மலையிலோ வீட்டுக்குள்தான் புகை. விறகடுப்பை ஊதி ஊதி இருமுகிற மலையாளிப் பழங்குடிப் பெண் வெளிக்காற்றை அளக்கும் குறியீட்டுக்குள் வரமாட்டாள். 2016இல் உஜ்வலா திட்டம் வந்தது. சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி வாங்கக் காசு வேணும். காட்டு விறகுக்குக் காசு வேணாம். இதே மலையில், காவலூரில், வானம் தெளிவாக இருக்கிறதென்று நட்சத்திரம் பார்க்க ஆய்வகம் வைத்தார்கள். மலையின் வானம் தெரிந்த அளவுக்கு அதன் அடுப்படி தெரியவில்லை.

சாக்கடைக் குழியில் இறக்கப்படுகிறவரைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு அந்த எட்டில் இல்லை. ஊர்க்காற்றை அளக்கிற கருவிக்கு அது வேலையில்லை என்பார்கள். சரி, ஆள் இறங்குமுன் குழிக்குள் அளப்பது யார் வேலை? 2013இல் தடைச் சட்டம் வந்தது. சாவு நிற்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கியது.

எச்சரிக்கை என்றால் கேட்பவர் தப்பிக்க வழி இருக்க வேண்டும். வழியை அடைத்துவிட்டு எண்ணை மட்டும் சொன்னால், நாளைக்கு ‘நாங்கதான் சொன்னோமே’ என்று பழியை நம் தலையில் கட்டுவார்கள்.

எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண் சிவக்கிற நாளில் கூலியோடு விடுப்பு கொடு. அடுப்படிப் புகையையும் அளந்து சொல். குழிக்குள் மனுசனை இறக்காதே. இவற்றையும் சேர்த்துக் கேட்போம், தோழர்களே.